கண்டுபிடிப்பாளர் கண்காட்சி

கண்டுபிடிப்பாளர் கண்காட்சி என்பது புதிய கருவி, பொறி, பொருள் அல்லது செய்முறை ஒன்றை உருவாக்கியவர்கள் அதனைப் பொதுமக்களுக்கும் வணிகர்களுக்கும் நேரில் காட்டும் நிகழ்வு ஆகும். தொழில்முனைவோர், உற்பத்தியாளர், முதலீட்டாளர், மாணவர், இதழாளர் எனப் பல தரப்பினரும் இதற்கு வருகின்றனர். உலகப் பொருட்காட்சிகள் முதல் ஒரு மாவட்டத்தின் சிறுதொழிற்சங்கம் நடத்தும் உள்ளூர் கண்காட்சிகள் வரை இவை பல அளவுகளில் நடைபெறுகின்றன.

தனியாளாக உழைக்கும் கண்டுபிடிப்பாளருக்கு வாங்குவோரும் முதலீடும் எளிதில் கிடைப்பதில்லை. கண்காட்சி இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவருகிறது. அதேவேளை, தம் ஆக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்புப் பெறும் வாய்ப்பை அவர் அங்கேயே இழந்துவிடவும் கூடும். பேட்டன்ட் என வழங்கும் காப்புரிமத்தின் அடிப்படைத் தேவை புதுமை ஆகும். விண்ணப்பிக்கும் முன்னரே பொதுவில் காட்டப்பட்ட ஒன்று பல நாடுகளின் சட்டப்படி புதியது அன்று. ஆகவே, காட்சி முந்தியதா, விண்ணப்பம் முந்தியதா என்னும் கேள்வி இத்தகைய கண்காட்சிகளின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்துள்ளது.

பிற கண்காட்சிகளுடன் வேறுபாடு

பொதுவான வணிகக் கண்காட்சியில் ஏற்கனவே சந்தையில் உள்ள பொருட்கள் விற்பனைக்காகக் காட்டப்படுகின்றன. அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் ஒரு கொள்கையை விளக்கும் மாதிரிகளைக் காட்டுகின்றனர். கண்டுபிடிப்பாளர் கண்காட்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இங்குக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒரு முன்மாதிரி. அது இயங்கும், ஆனால் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்படுவதில்லை. காட்டுபவர் தேடுவது பொருளை வாங்கும் நுகர்வோரை மட்டும் அன்று. அதனைச் செய்து தர இசையும் உற்பத்தியாளர், உரிமத்தொகை கொடுத்து உற்பத்தி உரிமையைப் பெறும் நிறுவனம், பங்குதாரர் ஆகியோரையும் அவர் தேடுகிறார்.

வரலாறு

லண்டன், 1851

லண்டன் ஹைட் பூங்காவில் 1851 மே 1 முதல் அக்டோபர் 15 வரை நடைபெற்ற மாபெரும் கண்காட்சி இவ்வகை நிகழ்வுகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த பளிங்கு அரண்மனை என்னும் இரும்பு, கண்ணாடிக் கட்டடத்தில் இது நடந்தது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. செலவு போக எஞ்சிய ஏறத்தாழ 1,86,000 பவுண்டு, பின்னர்த் தெற்குக் கென்சிங்டன் பகுதியில் அருங்காட்சியகங்களும் கல்வி நிறுவனங்களும் உருவாகத் துணைபுரிந்தது.

கண்காட்சி தொடங்கும் முன்னரே ஒரு சிக்கல் எழுந்தது. அக்காலத்தில் பிரித்தானியாவில் காப்புரிமம் பெறுவது மிகுந்த செலவும் பல அலுவலகப் படிகளும் கொண்டதாக இருந்தது. உரிமம் பெறாமல் காட்டினால் பிறர் பார்த்துச் செய்துவிடுவர். காட்டாவிட்டால் வாய்ப்பு போய்விடும். இதனால் காட்சிப்படுத்துவோருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் ஒன்றைப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1851இல் இயற்றியது. அடுத்த ஆண்டிலேயே காப்புரிமச் சட்டம் திருத்தப்பட்டு, விண்ணப்ப முறையும் கட்டணமும் எளிதாக்கப்பட்டன.

நியூயார்க்கும் பிலடெல்பியாவும்

1854இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் உயரே தூக்கப்பட்ட மேடை ஒன்றில் நின்றுகொண்டு, அதனைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்தார். அவர் அமைத்திருந்த தடுப்புப் பொறி மேடையைப் பிடித்து நிறுத்தியது. மின்தூக்கிகள் வருவதற்கு முந்திய அக்காலத்தில், கயிறு அறுந்தால் என்னாகும் என்னும் அச்சமே ஏற்றப்பொறிகளை மக்கள் பயன்படுத்தத் தடையாக இருந்தது. 1857இல் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் ஒரு கடைக் கட்டடத்தில் ஓட்டிஸின் பயணிகள் ஏற்றப்பொறி நிறுவப்பட்டது. வாங்குவோரின் ஐயத்தைச் செயல்விளக்கம் தீர்த்துவைத்ததற்கு இந்நிகழ்வு இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

1876 சூன் 25 அன்று பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் தொலைபேசியை நடுவர்களுக்கு இயக்கிக் காட்டினார். பிரேசில் பேரரசர் இரண்டாம் பெத்ரோ, அறிவியலாளர் வில்லியம் தாம்சன் ஆகியோர் அங்கிருந்தனர். இக்காட்சி பெல்லுக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. ஆனால் அவர் காப்புரிமத்துக்கு விண்ணப்பித்தது அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, பெப்ரவரி 14 அன்று. மார்ச் 7 அன்று உரிமம் வழங்கப்பட்டுவிட்டது. அவர் விண்ணப்பித்த அதே நாளில் எலிஷா கிரே என்பவரும் அத்துறை சார்ந்த முன்னறிவிப்பு மனு ஒன்றை அலுவலகத்தில் அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

வியன்னாவும் பாரிஸ் உடன்படிக்கையும்

1873இல் வியன்னாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு வர அயல்நாட்டுக் கண்டுபிடிப்பாளர் பலர் தயங்கினர். ஆஸ்திரியாவில் தம் ஆக்கங்களுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என அவர்கள் அஞ்சினர். அவர்களின் ஆக்கங்களைக் காக்க ஆஸ்திரிய அரசு ஒரு தற்காலிகச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் காப்புரிமச் சீர்திருத்தம் பற்றிய பன்னாட்டு மாநாடு ஒன்றும் அங்குக் கூடியது. இம்முயற்சிகளின் தொடர்ச்சியாக 1883 மார்ச் 20 அன்று தொழிற்சொத்துப் பாதுகாப்புக்கான பாரிஸ் உடன்படிக்கை 11 நாடுகளின் கையெழுத்துடன் உருவானது. அதன் 11ஆம் உறுப்பு, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த பன்னாட்டுக் கண்காட்சிகளில் காட்டப்படும் புத்தாக்கங்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளிக்க உறுப்பு நாடுகளைக் கோருகிறது. இந்தியா 1998 திசம்பரிலும் இலங்கை 1952 திசம்பரிலும் இவ்வுடன்படிக்கையில் இணைந்தன.

இந்தியா

தென்னிந்தியாவின் மூலப்பொருட்கள், கலைகள், உற்பத்திகள் பற்றிய கண்காட்சி சென்னையில் 1855இல் நடைபெற்றது. மறு ஆண்டான 1856இல் இந்தியாவின் முதல் காப்புரிமச் சட்டம் வந்தது. 1883இல் புத்தாக்கப் பாதுகாப்புச் சட்டம் என்ற தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியக் கண்காட்சியில் காட்டப்பட்ட ஆக்கங்கள் புதுமையை இழக்காமல் இருக்க, கண்காட்சி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதச் சலுகைக் காலத்தை அது வழங்கியது. அவ்வாண்டின் திசம்பரில்தான் கல்கத்தா பன்னாட்டுக் கண்காட்சி தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டு

இருபதாம் நூற்றாண்டில் கண்டுபிடிப்பாளருக்கென்றே தனிக் கண்காட்சிகள் தோன்றின. பாரிஸ் நகரக் காவல்துறைத் தலைவர் லூயி லெப்பின் 1901இல் சிறு பொம்மை, சில்லறைக் கருவி உற்பத்தியாளர்களை ஊக்குவிக்கத் தொடங்கிய லெப்பின் போட்டி இன்றும் நடைபெறுகிறது. செருமனியின் நியூரம்பர்க் நகரில் ஐஈஎன்ஏ கண்காட்சி 1948 முதலும், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் பன்னாட்டுக் கண்டுபிடிப்புக் கண்காட்சி 1972 முதலும் நடத்தப்பட்டு வருகின்றன.

அமைப்பு

பெரும்பாலான கண்காட்சிகளில் ஒருவருக்கு மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள தடுப்பறை ஒன்று வாடகைக்குத் தரப்படும். ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், விளக்குகள், ஒரு மின்னிணைப்பு, முகப்பில் பெயர்ப்பலகை ஆகியவை வழக்கமாக அதில் அடங்கும். கூடுதல் மின்சாரம், நீர், அழுத்தக் காற்று போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. உள்ளூர் கண்காட்சிகளில் ஒரு நீண்ட மேசையைப் பலர் பகிர்ந்துகொள்வதும் வழக்கம்.

பல கண்காட்சிகள் முதல் நாட்களை வணிகப் பார்வையாளருக்கும் இறுதி நாட்களைப் பொதுமக்களுக்கும் ஒதுக்குகின்றன. இவ்விரு தரப்பினரும் கேட்கும் கேள்விகள் வேறானவை. பொதுமக்கள் பொருள் என்ன செய்யும், விலை என்ன என்று கேட்பர். வணிகர் அதனோடு நில்லாமல் மாதம் எத்தனை செய்ய இயலும், நூறு வாங்கினால் விலை என்ன, ஆயிரம் வாங்கினால் என்ன, பழுதானால் யார் சரிசெய்வது, உதிரிப்பாகம் எங்குக் கிடைக்கும் என்றும் கேட்பர். இவற்றுக்கு விடை இல்லாத ஆக்கம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடுவது உண்டு. மறுபுறம், கருவியை முதன்முறையாகக் கையில் எடுக்கும் உழவரோ இல்லத்தரசியோ பிடி வழுக்குகிறது, எடை மிகுதி என்று சொல்லும் குறை, பட்டறையில் பல மாதம் உழைத்தும் புலப்படாததாக இருக்கலாம். இக்கருத்துகளைத் திரட்டுவதே கண்காட்சியின் பெரும்பயன் எனலாம்.

செலவில் வாடகை ஒரு பகுதி மட்டுமே. முன்மாதிரியைக் கொண்டுசெல்லும் வண்டி, தங்குமிடம், துண்டறிக்கை, பணிக்கு வராத நாட்களின் வருவாய் இழப்பு ஆகியவையும் சேரும். எனவே, முதலில் பார்வையாளராகச் சென்று, வருபவர் யார், ஒத்த பொருட்கள் எவை என அறிந்த பின்னர் அடுத்த ஆண்டு இடம் பிடிப்போரும் உள்ளனர்.

புதுமையும் வெளிப்படுத்தலும்

காப்புரிமம் என்பது ஒரு வகை உடன்பாடு. கண்டுபிடிப்பாளர் தம் ஆக்கத்தின் முழு விவரத்தையும் உலகுக்கு வெளியிடுகிறார். அதற்கு ஈடாக, குறித்த காலத்துக்குப் பிறர் அதனைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. இந்தியாவில் இக்காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஏற்கனவே வெளியாகிவிட்ட ஒன்றை வெளியிடுவதாகச் சொல்லி உரிமை கேட்க இயலாது என்பதே புதுமை என்னும் நிபந்தனையின் பொருள்.

கண்காட்சியில் காட்டுதல், துண்டறிக்கை வழங்குதல், உள்ளமைப்பை விளக்கிப் பேசுதல், பொருளை விற்றல் ஆகிய அனைத்தும் வெளிப்படுத்தலாகக் கருதப்படலாம். துறை அறிந்த ஒருவர் அதிலிருந்து ஆக்கத்தைப் புரிந்துகொள்ள இயலுமா என்பதே அளவுகோல். மூடிய உறைக்குள் இருக்கும் பொறியமைப்பு வெளியே தெரியாதிருந்தால் நிலைமை வேறாகலாம். ஆனால் அதே பொருளை ஒருவருக்கு விற்றுவிட்டால், அவர் வீட்டுக்குச் சென்று பிரித்துப் பார்க்கத் தடையேதும் இல்லை. இரகசியம் காப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவரிடம் தனியே விளக்குவது பொது வெளிப்படுத்தல் ஆகாது.

காட்டியவர் கண்டுபிடித்தவரே என்பதால் மட்டும் விலக்கு கிடைப்பதில்லை. பிறர் திருடுவர் என்று அஞ்சுவோர் பலர், தம் சொந்தக் காட்சியே தம் விண்ணப்பத்துக்கு எதிரான சான்றாக நிற்கக்கூடும் என்பதை அறிவதில்லை.

நாடுகளின் சட்டங்கள்

இவ்விடயத்தில் நாடுகளின் சட்டங்கள் ஒன்றுபோல் இல்லை.

அமெரிக்கா: கண்டுபிடிப்பாளர் தாமே வெளிப்படுத்திய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அவ்வெளிப்படுத்தல் அவருக்கு எதிராகக் கொள்ளப்படாது.

சப்பான்: சலுகைக் காலம் 2018இல் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக நீட்டிக்கப்பட்டது. சலுகையை விண்ணப்பத்தின்போதே கோர வேண்டும்.

ஐரோப்பியக் காப்புரிம உடன்படிக்கை: 55ஆம் உறுப்பின்படி ஆறு மாதச் சலுகை உண்டு. ஆனால் 1928ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கண்காட்சி ஒப்பந்தத்தின் கீழ் வரும் அதிகாரபூர்வக் கண்காட்சிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். சாதாரண வணிகக் கண்காட்சிகள் இதில் அடங்கா.

இலங்கை: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம், விண்ணப்பதாரரின் செயலால் ஏற்பட்ட வெளிப்படுத்தலுக்கு ஓராண்டுச் சலுகை அளிக்கிறது.

இந்தியச் சட்டம்

இந்தியக் காப்புரிமச் சட்டம், 1970இன் 31ஆம் பிரிவு கண்காட்சிகளைப் பற்றியது. கண்டுபிடிப்பாளரோ அவரது ஒப்புதல் பெற்றவரோ கண்காட்சியில் காட்டிய பின்னர், 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் புதுமை இழக்கப்படாது என அது கூறுகிறது. கற்றறிந்தோர் கழகம் ஒன்றில் கண்டுபிடிப்பாளர் படித்த கட்டுரைக்கும் இதே சலுகை உண்டு.

ஆனால் இச்சலுகை எல்லாக் கண்காட்சிகளுக்கும் உரியதன்று. நடுவண் அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு இப்பிரிவை நீட்டித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரு நகரத்தின் தொழிற்சங்கமோ கல்லூரியோ நடத்தும் கண்காட்சி, அத்தகைய அறிவிக்கை இல்லாதவரை, இதில் அடங்காது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, இச்சலுகையைக் கோருவோர் படிவம் 31ஐ அளிக்க வேண்டும்.

பொருளின் புறத்தோற்றம் வடிவமைப்புச் சட்டம், 2000இன் கீழ்ப் பதிவு செய்யப்படுகிறது. அதன் 21ஆம் பிரிவும் அரசு அறிவித்த கண்காட்சிகளுக்குச் சலுகை தருகிறது. ஆனால் காட்டுவதற்கு முன்னரே கட்டுப்பாட்டாளருக்கு அறிவித்திருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் எளிய வழி ஒன்றும் உள்ளது. ஆக்கம் முழுமை பெறாத நிலையிலேயே தற்காலிக விவரக்குறிப்புடன் விண்ணப்பித்து நாளைப் பதிவு செய்துகொள்ளலாம். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பை அளிக்க வேண்டும். இணையவழியில் தனியாள் ஒருவர் விண்ணப்பிப்பதற்கான அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக் கோரிக்கைக் கட்டணமும், முகவரை அமர்த்தினால் அவர் ஊதியமும் தனி. கொல்கத்தா, தில்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் காப்புரிம அலுவலகங்கள் உள்ளன. தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

தேங்காய் உரிக்கும் புதிய கருவி ஒன்றை ஒருவர் உருவாக்கியதாகக் கொள்வோம். அரசிதழ் அறிவிக்கை இல்லாத ஒரு மாவட்டக் கண்காட்சியில் 2025 சனவரி 10 அன்று அதனை இயக்கிக் காட்டி, பத்துக் கருவிகளை விற்கிறார். வரவேற்பைக் கண்டு மார்ச் 1 அன்று இந்தியாவில் விண்ணப்பிக்கிறார். கண்காட்சிக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே இரண்டு மாதம்கூட இல்லை. ஆயினும் 31ஆம் பிரிவின் சலுகை அவருக்குக் கிடைக்காது. போட்டியாளர் ஒருவர் அக்கண்காட்சியின் துண்டறிக்கையைச் சான்றாகக் காட்டி, 25ஆம் பிரிவின் கீழ் எதிர்ப்பு மனு அளிக்கலாம். ஐரோப்பாவிலும் வாய்ப்பு இல்லை. அமெரிக்கா போன்ற ஓராண்டுச் சலுகை தரும் நாடுகளில் மட்டும் 2026 சனவரி 10 வரை விண்ணப்பிக்க இயலும்.

அதே மனிதர் சனவரி 6 அன்று தற்காலிக விவரக்குறிப்பை அளித்துவிட்டு, 10 அன்று காட்டியிருந்தால் நிலைமை முற்றிலும் மாறியிருக்கும். 2026 சனவரி 6 வரை முழு விவரக்குறிப்பை அளிக்கவும், பாரிஸ் உடன்படிக்கையின் முன்னுரிமையைக் கோரிப் பிற நாடுகளில் விண்ணப்பிக்கவும் அவருக்குக் காலம் இருந்திருக்கும். ஓராண்டில் சந்தையின் வரவேற்பைப் பார்த்து, மேற்கொண்டு செலவிடலாமா வேண்டாமா என முடிவு செய்யவும் இயலும்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. முதல் விண்ணப்பத்தில் விவரிக்கப்பட்ட பகுதிக்கு மட்டுமே அந்நாள் உரியது. பார்வையாளர் சொன்ன குறையைக் கேட்டுப் பின்னர்ச் சேர்த்த திருத்தத்துக்கு, அதனை விவரித்து அளித்த நாளே கணக்கில் கொள்ளப்படும். எனவே தலைப்பும் இரண்டு வரிகளும் மட்டும் எழுதிய தற்காலிக விவரக்குறிப்பு பெயரளவுப் பாதுகாப்பையே தரும்.

பதக்கங்களும் முகவர்களும்

பல கண்காட்சிகளில் நடுவர் குழு பதக்கங்களும் சான்றிதழ்களும் வழங்குகிறது. இவை ஊக்கமும் செய்தித்தாள் கவனமும் தருகின்றன. ஆனால் பதக்கம் சட்டப் பாதுகாப்பு அன்று. ஆக்கம் புதியதா என்பதைக் காப்புரிம அலுவலகம் தனியே ஆய்ந்தே முடிவு செய்யும்.

கண்காட்சி அரங்குகளில் கண்டுபிடிப்பாளரை அணுகி, முன்பணம் கொடுத்தால் உற்பத்தியாளரைத் தேடித் தருவதாகக் கூறும் முகவர்களும் உண்டு. அமெரிக்காவில் இத்தகைய நிறுவனங்கள் மீது முறையீடுகள் பெருகியதால், 1999இல் கண்டுபிடிப்பாளர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை ஆக்கங்களை மதிப்பிட்டனர், வாடிக்கையாளருள் எத்தனை பேர் தாம் கொடுத்த கட்டணத்துக்கு மேல் வருவாய் ஈட்டினர் என்பன போன்ற விவரங்களை ஒப்பந்தத்துக்கு முன் எழுத்தில் தருமாறு அச்சட்டம் பணிக்கிறது. அச்சட்டம் இல்லாத நாடுகளிலும் இவை கேட்கத்தக்க கேள்விகளே.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்

கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு (1893–1974) தாம் உருவாக்கியனவும் திரட்டியனவுமான பொறிகளை மக்கள் பார்வைக்கு வைத்தார். அவர் பெயரிலான தொழிற் கண்காட்சி அவினாசி சாலையில் நிலையான அருங்காட்சியகமாக உள்ளது. 1969இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா, அதே சாலையில் தன் வணிகக் கண்காட்சி வளாகத்தில் இன்டெக் என்னும் பொறியியல் கண்காட்சியை நடத்துகிறது.

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர் அனில் குப்தா முன்னின்று தொடங்கிய தேனீ வலையமைப்பு, ஊரகக் கண்டுபிடிப்பாளர்களைத் தேடிப் பதிவு செய்கிறது. மதுரையிலிருந்து வெளிவந்த நம்வழி வேளாண்மை இதன் தமிழ் இதழாகும். இப்பணியின் தொடர்ச்சியாக 2000இல் தேசியப் புத்தாக்க நிறுவனம் நிறுவப்பட்டது. படிப்பறிவோ பணமோ குறைந்த கண்டுபிடிப்பாளரின் சார்பில் காப்புரிம விண்ணப்பம் அளிப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. குறைந்த விலையில் மாதவிடாய் அணையாடை செய்யும் பொறியை உருவாக்கிய கோவை அருணாசலம் முருகானந்தம் இந்நிறுவனத்தின் விருது பெற்றவர். 2015 மார்ச்சில் குடியரசுத் தலைவர் மாளிகையில் புத்தாக்க விழா ஒன்றும் நடத்தப்பட்டது.

இலங்கையில் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு, சஹசக் நிமவும் என்னும் தேசியக் கண்டுபிடிப்புக் கண்காட்சியை நடத்துகிறது.

இவற்றையும் பார்க்க

காப்புரிமம்
அறிவுசார் சொத்துரிமை
பாரிஸ் உடன்படிக்கை
உலகப் பொருட்காட்சி
ஜி. டி. நாயுடு